நெகிழிச் செடி வேண்டாம். நீருக்குள் ஒரு தோட்டம் போடுவோம்



நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நன்கொடை வழங்க முன்வருவோர் சிலர் பெரிய கண்ணாடி மீன் தொட்டி ஒன்றைக் கொடுத்துச் செல்வதுண்டு. பெரும்பாலும் அது நான்கடி நீளமும் இரண்டரை அடி உயரமும் கொண்டதாக இருக்கும். அலுவலகத்தின் முன்னே, வருகையாளர் நாற்காலிகளுக்கு எதிரே வைக்கப்படும். உள்ளே நீல நிறக் கூழாங்கற்கள், செந்நிறத்திலும் ஊதா நிறத்திலும் நெகிழிச் செடிகள், குமிழி விடும் ஒரு முக்குளிப்பாளர் பொம்மை, தலையில் புடைப்புடன் இரண்டு 'புளவர்ஹார்ன்' மீன்கள். முதல் வாரம் மாணாக்கர் சுற்றி நின்று பார்ப்பர். இரண்டாம் மாதத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. நாளையும் அப்படியே இருக்கும். அதில் வளர்வது ஒன்றுமில்லை.

பள்ளிக்கு வரும் மீன் தொட்டி வருகையாளருக்கு உரியதன்று, மாணாக்கருக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு உரியதாக வேண்டுமானால் அதில் உயிருள்ள செடிகள் இருத்தல் வேண்டும். அதற்கு மனமில்லையெனில் தொட்டியைப் பணிவுடன் மறுத்துவிட்டு அந்தப் பணத்திற்கு நூல்கள் கேட்கலாம்.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுமொழி எனக்குத் தெரியும். "ஆசிரியர் ஐயா, உயிருள்ள செடி போட்டுப் பார்த்தோம். மூன்றே வாரத்தில் அழுகி நாறிவிட்டது." பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அழுகியது உண்மைதான். ஆனால் அழுகியதற்குக் காரணம் பெரும்பாலும் செடி வகையைப் பாராமல் வாங்கியதும், உயரமான தொட்டியின் இயல்பை எண்ணாமல் நட்டதும், நட்ட அன்றே மீன்களைக் கொட்டியதும்தான். அவற்றைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொட்டியின் உயரம். உயரமான தொட்டி பார்வைக்குக் கம்பீரமானது. செடி வளர்ப்போருக்கோ அது தொல்லை. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள் என்றே சொல்வேன். 120 செண்டிமீட்டர் நீளமும் 60 செண்டிமீட்டர் அகலமும் 75 செண்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 540 லிட்டர் நீர் கொள்ளும். நீர் மட்டுமே 540 கிலோ. கண்ணாடி, மணல், கட்டை, தாங்குமேசை எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னை நெருங்கிவிடும். ஆகவே அது தரைத் தளத்தில், சிமெண்டுத் தரையில், மட்டம் பார்த்து வைக்கப்பட வேண்டியது. பழைய தோட்டப்புறப் பள்ளிகளின் பலகைத் தரை அதற்கு ஆகாது. மாடியில் வைப்பதாயின் கட்டடம் அறிந்தவரைக் கேளாமல் வைக்கக்கூடாது.

அடுத்து, அதே 540 லிட்டரை 45 செண்டிமீட்டர் உயரத் தொட்டியில் ஊற்றியிருந்தால் காற்று படும் மேற்பரப்பு 1.2 சதுர மீட்டராக இருந்திருக்கும். நம் உயரத் தொட்டியில் அது 0.72 சதுர மீட்டர்தான். உயிர்வளி நீரில் கரைவது இந்த மேற்பரப்பின் வழியேதான். எனவே லிட்டர் கணக்கைப் பார்த்து மீன்களை நெருக்கி விடுவது பிழை. இந்தக் கணக்கை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணாக்கரையே செய்யச் சொல்லலாம். பரப்பளவும் கன அளவும் வேறு வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது ஒளி. மேலே விளக்கு மாட்டினால் அதன் ஒளி கீழே செல்லச் செல்ல விரிந்து மங்குகிறது. மிதக்கும் துகள்கள் மறைக்கின்றன. மேலே தழைத்த இலைகள் நிழல் செய்கின்றன. சிவப்பொளியின் ஒரு பகுதியை நீரே உறிஞ்சிவிடுகிறது. இரண்டடி உயரத்திற்கும் கீழே மணலில் கிடக்கும் சிறு செடிக்கு வந்து சேர்வது மிச்சம்தான். மணல்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படரும் குட்டைப் புல்வகைகளை நிழற்படங்களில் கண்டு மயங்கி வாங்குவோர் இதை மறந்துவிடுகின்றனர். அவை மிகுந்த ஒளியும் செயற்கையாகச் செலுத்தும் கரியமில வாயுவும் கேட்பவை. உயரத் தொட்டியின் அடியில் அவை மஞ்சளாகி மடியும்.

நான்காவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. அதுவே நடைமுறையில் முதன்மையானது. அடி மணலைத் தொட வேண்டுமானால் வளர்ந்தவரே தோள்வரை கையை நனைக்க வேண்டும். பத்து வயதுச் சிறுவன் முக்காலியின்மேல் ஏறி நின்றாலும் எட்டாது, ஏறவும் விடக்கூடாது. ஆகவே அடியில் நடும் செடி, நட்டபின் மாதக்கணக்கில் கைபடாமல் தானே வளர்வதாக இருக்க வேண்டும். அடிக்கடி கத்தரிக்க வேண்டியவை எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். உயரத் தொட்டிக்குச் செடி தேர்வு செய்வதன் சூட்சுமம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இனிச் செடிகளுக்கு வருவோம்.

பின்புறத்திற்கு வேலிஸ்நேரியாவை மிஞ்சியது இல்லை. நாடா போன்ற நீண்ட இலைகளை உடையது. என் மாணாக்கர் அதற்கு 'நாடாச்செடி' என்றே பெயரிட்டுவிட்டனர், நல்ல பெயர்தான். அதன் பெரிய வகைக்கு இலை ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். அடியில் வேர், நீர்மட்டத்தில் இலைநுனி. ஒளியைத் தேடித் தானே மேலே வந்துவிடுவதால் நம் தொட்டியின் உயரம் அதற்கு ஒரு பொருட்டன்று. ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் குட்டி போடும். ஐந்து கன்று நட்டால் சில மாதங்களில் பின்சுவர் நிறைந்துவிடும். நடும்போது வேர் மட்டுமே மணலுக்குள் செல்ல வேண்டும். இலையும் வேரும் கூடும் குருத்துப் பகுதி புதைந்தால் அழுகும்.

நடுவில் ஒரே ஒரு பெரிய செடி போதும். அமேசான் வாள்செடி எனப்படும் எக்கினோடோரஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அது வேரின் வழியே நிறைய உண்ணும் செடி. மணலுக்குள் உர வில்லை வைத்தால்தான் தழைக்கும்.

அடியில், நிழலில் நிற்பதற்குக் கிரிப்டோகோரைன் இனம். இதைப் பற்றி மலேசிய ஆசிரியர் பெருமைப்படலாம். இந்த இனத்தில் பல வகைகள் நம் தீபகற்பத்தின் காட்டோடைகளிலேயே பிறந்தவை. மரநிழலில் மங்கிய ஒளியில் வளர்ந்து பழகியவை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வெண்ட்டி என்னும் வகையின் தாயகம் இலங்கை. இதில் ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். புதிய நீருக்கு மாறியதும் கிரிப்டோகோரைன் தன் இலைகளை எல்லாம் கரையவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவரே மிகுதி. வேர் உயிரோடுதான் இருக்கும். சில வாரங்களில் புதிய நீருக்கு ஏற்ற புதிய இலைகளோடு எழும். பொறுத்திருப்போருக்கு மட்டும் கிட்டும் செடி இது. ஆனால் ஒன்று: காட்டோடையில் கண்டோம் என்று பறித்து வரக்கூடாது. அந்த ஓடைகளே அருகி வருகின்றன. பண்ணையில் வளர்த்துக் கடையில் விற்பதை வாங்குங்கள்.

இடைப்பட்ட உயரத்தை நிரப்புவதுதான் பலரும் கோட்டை விடும் இடம். பின்னால் நெடிய இலை, அடியில் குட்டைச் செடி, நடுவே இரண்டடி வெறும் நீர் என்று தொட்டி பொக்கையாக நிற்கும். அதற்கு ஒரு மரவேர்க் கட்டை வேண்டும். படுக்கவைக்காமல், கிளை மேல்நோக்கி நிற்குமாறு சற்றே சாய்த்து நிறுத்துங்கள். அதன்மேல் ஜாவா பெரணியையும் அனுபியாஸையும் கட்டலாம். இரண்டும் மணலில் நடத் தேவையில்லாதவை. சொல்லப்போனால் நடவே கூடாதவை. கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும். பருத்தி நூலால் கட்டைமேல் கட்டிவிட்டால், நூல் இற்றுப்போவதற்குள் வேர் பற்றிக்கொள்ளும். ஜாவா பெரணி நம் நாட்டு ஓடைகளிலும் பாறைகளைப் பற்றி வளர்வது. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இரண்டும் மெல்ல வளரும். மங்கிய ஒளியைத் தாங்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் காய்ந்த இலையை மாணாக்கரே கிள்ளி எடுக்கலாம். கட்டையை முதலில் இரண்டு மூன்று வாரம் வாளி நீரில் ஊறவையுங்கள். இல்லையேல் அது மிதக்கும். நீரும் தேநீர் நிறம் ஆகும். அந்த நிறத்தால் மீனுக்குத் தீங்கில்லை, ஆயினும் ஒளி குறையும்.

நீர்மட்டத்தில், தொட்டியின் ஓரத்தில், ஒரு மணிபிளாண்ட் கொடியின் வேர் மட்டும் நீருக்குள் தொங்குமாறு வைக்கலாம். இலை வெளியே காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை. மீன்கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். செலவும் இல்லை, எந்தப் பள்ளி நடைவழியிலும் ஒரு சாடி இருக்கும். அதன் இலையைக் கடித்தால் வாய் எரியும் என்பதைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு மிகவும் உவப்பான செடி ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் மனனம் செய்யும் மூதுரையில், நீர் வற்றிய குளத்தை விட்டு நீங்காத உறவுக்கு உவமையாக ஆம்பலோடும் நெய்தலோடும் கொட்டி என்னும் செடியை ஔவையார் சொல்கிறார். அந்தக் கொட்டி எது என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. 'ஒருவகை நீர்க்கொடி' என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அது அப்போனோகெட்டன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, இந்தியாவிலும் இலங்கையிலும் விளையும் சுருளிலைச் செடி ஒன்று மீன் கடைகளில் கிழங்காகவே விற்கப்படுகிறது. கிழங்கை மணல்மேல் பாதி தெரியும்படி வைத்தால் சில நாட்களில் முளைக்கும். ஒளிபுகும் அலையலையான இலைகள் கிடுகிடுவென்று ஓங்கி வளரும். உயரத் தொட்டிக்கென்றே படைத்தது போல் இருக்கும். சில மாதங்கள் கழித்து இலைகளை எல்லாம் உதிர்த்துக் கிழங்கு மட்டும் ஓய்வில் கிடக்கும். வறண்ட காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் அது பிழைத்திருக்கும் முறை அதுதான். ஔவையார் சும்மா சொல்லவில்லை! செய்யுளை நடத்தும்போது மாணாக்கரைத் தொட்டியருகே அழைத்துப் போய்க் காட்டுங்கள். கரும்பலகையில் பத்து நிமிடம் விளக்குவதைக் கிழங்கு ஒரு நொடியில் விளக்கிவிடும்.

சொல் பற்றி இன்னொன்று. நாம் நீருக்குள் பச்சையாக இருக்கும் எல்லாவற்றையும் 'பாசி' என்றே சொல்லிவிடுகிறோம். கண்ணாடியில் வழுவழுப்பாகப் படிவது பாசி. அதற்கு வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. வேலிஸ்நேரியாவோ வேரும் இலையும் பூவும் உள்ள செடி. இந்த வேறுபாட்டை அறிவியல் பாடத்தில் காட்டத் தொட்டி உதவும். நன்கு வளரும் செடிகள் உணவைப் பகிர்ந்துகொள்வதால் பாசி குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாசிக்கு அஞ்சிச் செடி வைக்காதிருப்போர் காரியத்தைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

கடைக்குச் செல்லும்போது எச்சரிக்கை தேவை. நீர்ச்செடி என்று விற்கப்படுவன எல்லாம் நீர்ச்செடி அல்ல. வெள்ளைக் கோடு போட்ட இலையுடைய டிரசீனா, 'அதிர்ஷ்ட மூங்கில்' எனப்படும் அதன் உறவு, ஊதா இலைச் செடிகள் சில — இவை தரைச்செடிகள். நீரில் முழுதாக மூழ்கடித்தால் சில வாரம் பச்சையாகத் தோன்றி மெல்ல அழுகும். மூன்றே வாரத்தில் நாறியது என்றார்களே, அவை இவையாகவே இருக்கக்கூடும். தண்டு விறைப்பாக நின்றால், இலை தடித்து மெழுகு பூசினாற்போல் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். அனுபியாஸ் மட்டும் இதற்கு விலக்கு. இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஏதும் ஒட்டியிருந்தால் அந்தச் செடியை வாங்காதீர்கள். அது நெல்வயல்களை அழிக்கும் பொன்னிற ஆப்பிள் நத்தையின் முட்டை; உங்கள் தொட்டியையும் அது தின்றே தீர்க்கும்.

நீர்ப்பிரம்மி நம் சித்த மருத்துவத்தில் பேர்பெற்றது. மீன் தொட்டிச் செடியாகவும் விற்கப்படுகிறது. பெயரைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். சிறு தொட்டிக்கு அழகானது. ஆனால் உயரத் தொட்டியில் கீழ் இலைகள் ஒளியின்றி உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்கும். வகுப்பறை மேசைக்குச் சிறு கண்ணாடிக் குடுவையில் அதை வையுங்கள்.

எத்தனை வகை வேண்டும்? நான்கு, மிஞ்சினால் ஐந்து. வகைக்கு ஒன்றாகப் பதினைந்து செடி நட்டால் அது கடைத்தட்டு, தோட்டமாகாது. ஒரே வகையில் பல கன்றுகளை ஒன்றுகூட்டி நடுங்கள். கட்டையைச் சரியாக நடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் மீன் நீந்த வெளி விடுங்கள். முன்புறம் ஒரு சாண் அளவு வெறும் மணலாகவே கிடக்கட்டும். வெறுமையைக் கண்டால் எதையாவது வைத்து நிரப்பும் பழக்கம் நமக்கு உண்டு. அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள், புரியும்.

மணல் கடல்மணலாக இருத்தல் ஆகாது. பவளத் துண்டும் சிப்பியும் நீரின் கடினத்தன்மையை ஏற்றும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்றுமணலை, கழுவிய நீர் தெளியும்வரை கழுவி, முன்னே 5 செண்டிமீட்டரும் பின்னே 8 செண்டிமீட்டருமாகச் சரிவாகப் பரப்புங்கள். நடும்போது தொட்டியை நிரப்பாதீர்கள். ஒரு சாண் உயரத்திற்கு மட்டும் நீர் இருக்கட்டும். அப்போது செடி மிதந்து வெளியேறாது. வளர்ந்தவர் ஒருவர் வசதியாகக் குனிந்து நடலாம். நட்டபின் ஒரு தட்டை மணல்மேல் வைத்து, அதன்மேல் நீரை மெல்ல ஊற்றி நிரப்புங்கள். குழாய்நீரில் குளோரின் உண்டு. அதை நீக்கும் மருந்தைக் கலந்தே பயன்படுத்த வேண்டும். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். நேரங்காட்டும் மின்செருகி ஒன்று வாங்கிவிட்டால் யாரும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. சன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது, பாசி மண்டும். மேலைநாட்டு நூல்களில் சொல்லப்படும் வெப்பமூட்டி நம் நாட்டில் தேவையே இல்லை.

இப்போது என் வேண்டுகோள்களில் கடினமானதைச் சொல்கிறேன். திறப்புவிழா அன்று தொட்டியில் மீன் இருக்கக்கூடாது.

பிரமுகர் வருவார், நாடா வெட்டுவார், நிழற்படம் எடுப்பர். மீனில்லாத தொட்டியைத் திறப்பதா என்று முகம் சுளிப்பர். ஆனால் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியா நச்சு. அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறச் சில வாரங்கள் ஆகும். செடிகள் வேரூன்றி அம்மோனியாவை உறிஞ்சத் தொடங்கவும் அதே காலம் ஆகும். நட்டு மூன்று நான்கு வாரம் கழித்து, புது இலை கண்ட பிறகு, ஐந்தாறு மீன்களை விட்டு, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். விழாவுக்காக ஒரே நாளில் ஐம்பது மீன்களை விட்டால் அடுத்த திங்கட்கிழமை காலையில் மாணாக்கர் காண்பது மிதக்கும் பிணங்களைத்தான். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதற்காக யாரும் தொட்டி வாங்குவதில்லை. விழாவைத்தான் ஒரு மாதம் தள்ளி வையுங்களேன். அல்லது செடி நடும் நாளையே விழாவாக்கி, பிரமுகர் கையாலேயே ஒரு நாடாச்செடியை நடச் செய்யுங்கள்.

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பதைக் கண்ணாடிக்குள் செய்து காட்டியவர் இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார். 1850-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பொன்மீன்களும் ஒரு வேலிஸ்நேரியாவும் இருந்தன. முதலில் செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவர் செடியைப் பிடுங்கி எறியவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தார். நத்தை அழுகலைத் தின்றது, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் சேர்ந்த பிறகே சமநிலை வந்தது. நாம் இன்று கடையில் வாங்கும் அதே இனச் செடிதான் அது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த இந்தக் கதையை ஒளிச்சேர்க்கைப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்பர். நல்ல ஒளியில் இலையிலிருந்து முத்து முத்தாகக் குமிழி எழும். அது உயிர்வளி என்று சுட்டிக்காட்டுங்கள். இரவில் செடியும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும் என்பதால் மீன் மூச்சுத் திணறுமோ எனப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அளவான மீன்களும் நீர்ப்பரப்பை அசைக்கும் வடிகட்டியும் இருந்தால் அந்த அச்சம் வேண்டாம். வடிகட்டியை இரவில் நிறுத்தாதீர்கள், அவ்வளவே.

எந்த மீன்? பொன்மீன் மென்மையான செடிகளைக் கொறிக்கும். புளவர்ஹார்னும் திலாப்பியாவும் மணலைத் தோண்டிச் செடியைப் பிடுங்கி எறியும். உயரத் தொட்டிக்கு உயரமான உடல்வாகு கொண்ட ஏஞ்சல் மீன் பொருந்தும். எனக்குக் கேட்டால் நம் நாட்டு ஓடைகளிலேயே வாழும் ஹார்லிகுவின் ரஸ்போராவைக் கூட்டமாக விடச் சொல்வேன். செம்பழுப்பு உடலில் முக்கோணக் கரும்புள்ளி. நாடா இலைகளின் முன்னே கூட்டமாகத் திரும்பும்போது அவ்வளவு அழகு. ஆனால் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். வளர்ந்த ஏஞ்சல் சிறு மீனை விழுங்கும்.

சப்பானியரான தகாசி அமானோவின் தொட்டிகளைப் படங்களில் பார்த்தவர்கள் அதுபோல் செய்ய ஆசைப்படுவர். நிழற்படக் கலைஞராகவும் இருந்த அவர், நீருக்குள் காட்டையும் மலையையும் எழுப்பிய பெருங்கலைஞர். 2015-இல் மறைந்தார். அவ்வாண்டே இலிசுபன் நகரின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்டது. அவரை வியக்கலாம், பள்ளியில் பின்பற்ற வேண்டியதில்லை. வாயு உருளை, ஓயாத கத்தரிப்பு, கடும் ஒளி ஆகியவற்றைக் கேட்கும் அந்த முறைக்கு முழுநேர ஆள் வேண்டும். அப்படி ஆள் வைத்தால், மீண்டும் மாணாக்கர் வேடிக்கை பார்ப்போராகிவிடுவர். சற்றே கோணலாக, பிள்ளைகள் கையால் நட்ட தோட்டம் மேல்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கழித்துப்போடும் செடி பற்றியது. நன்கு வளரும் தொட்டியில் மிச்சம் வரும். அதைப் பின்பக்கச் சாக்கடையிலோ ஆற்றிலோ வீசுவது எளிது, வீசக்கூடாது. பகாங்கிலுள்ள சினி ஏரி 2009-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் எனும் சிறப்பைப் பெற்றது. தாமரைக்குப் பெயர்போன அந்த ஏரியில் தென்னமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்னும் மீன் தொட்டிச் செடி பரவி நீர்ப்பரப்பின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. நம் பக்கத்துச் செடியும் பிறர்க்குத் தீங்கு செய்திருக்கிறது. 1950-களில் மீன் தொட்டி வாணிகத்திற்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஹைட்ரில்லா, அங்குள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் மண்டிப் பெருந்தொல்லை ஆனது. பிறந்த மண்ணில் சாதுவாக இருப்பது வேறிடத்தில் கட்டுமீறும். ஆகவே கழிந்த செடியை வெயிலில் சருகாகக் காயவைத்துப் பள்ளித் தோட்டத்து எருக்குழியில் இடுங்கள். இதை ஆசிரியர் செய்யாமல் மாணாக்கரைக் கொண்டே செய்விக்க வேண்டும். காரணத்தையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்கும் மற்ற ஐயங்கள் சிறியன. கொசு வருமா? மீனுள்ள தொட்டியில் கொசுப்புழு தப்பாது. ஆனால் செடி கழுவிய வாளியும் கட்டை ஊறும் தொட்டியும் மூடியில்லாமல் கிடந்தால் டெங்கிக் கொசு உறுதி. மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். விடுமுறையில் யார் தீனி போடுவது? நலமான, வளர்ந்த மீன்கள் ஒரு வாரம்வரை தாங்கும். நெடிய விடுமுறைக்குக் காவலரிடமோ அருகில் வாழும் பெற்றோரிடமோ நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். கண்ணளவாகப் போடச் சொன்னால் எல்லாரும் அள்ளித்தான் போடுவர். மின்சாரச் செலவு? ஒரு வகுப்பறையின் விசிறிகளை ஆளில்லாத நேரத்தில் நிறுத்தப் பழகினால் ஈடாகிவிடும்.

பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பது எளிது. வாரம் ஒரு முறை கால் பங்கு நீரைக் குழாய் வைத்து இறக்குவதும் புதுநீர் ஊற்றுவதும் ஆசிரியர் முன்னிலையில் ஆறாம் ஆண்டு மாணாக்கருக்கு. இறக்கிய நீர் பூச்செடிகளுக்கு நல்ல உரம். கண்ணாடிக்கு வெளியே அடிக்கோலை ஒட்டி, நாடாச்செடியின் நீளத்தை வாரந்தோறும் அளந்து வரைபடம் போடுவது நான்காம் ஆண்டுக்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை போதும்: இன்று புதிதாக என்ன கண்டாய் என்று ஒரு தமிழ்ச் சொற்றொடர் சொல்வது. நாடாச்செடிக் கன்றுகள் பெருகியதும், விரும்பும் பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றாக ஈரத்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வேண்டாம் என்றால் ஆற்றில் போடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் கூடவே சொல்லி அனுப்புங்கள்.